லோரிங்கை எங்கே அனுப்புவது?

கேஸோன் சிட்டி
ஜூன் 12, 2005

அன்புள்ள பெலிசா அக்கா,

அம்மா, தம்பி ரோமெல், நான் மூவரும் சுகம். துபாய் வெயில் உன்னை அதிகம் வாட்டவில்லை என்று நம்புகிறேன். அம்மாவின் ரத்த அழுத்தம் மாத்திரையால் அடங்கியிருக்கிறது, அம்மாதான் அடங்கவில்லை. இங்கே மழை தொடங்கிவிட்டது. தெருமுனையில் முழங்கால் தண்ணீர்.

போனில் சொல்ல வாய்க்கவில்லை. நீ கூப்பிட்டால் முதலில் அம்மா பிடித்துக்கொள்கிறாள், அப்புறம் ரோமெல் தனக்கு என்ன காலணி வேண்டும் என்று விளக்குகிறான், என் முறை வரும்போது உன் கார்டு தீர்ந்துபோகிறது. அதனால் கடிதம். எனக்கு ‘புயல்மகன்’ தொடரில் எழுத்து வேலை கிடைத்துவிட்டது அக்கா! அங்கே உங்கள் சானலிலும் அது வருமாமே.

பறப்பது, அடிதடி, நாயகன் நாயகி காதல் எல்லாம் எழுத்தாளர் மேசையில் பழையவர்களுக்கு. யாருக்கும் வேண்டாதது புதியவளுக்கு. எனக்கு விழுந்தது லோரிங். நாயகன் ஆன்டோய் பகலில் டிரைசைக்கிள் மெக்கானிக், புயல் அடித்தால் பறக்கிறவன். அந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை லோரிங். சோறு போடுவாள், அவன் அங்கியைத் துவைப்பாள், அவன்மேல் உயிரையே வைத்திருப்பாள், வாய் திறந்து சொல்ல மாட்டாள். அவனோ டீவி நிருபர் செலீனா பின்னால் பறப்பான்.

எங்கள் தலைமை எழுத்தாளர் ஒபெட் முதல் நாளே சொல்லிவிட்டார்: “இவ நாயகனுக்கு முதுகு சொறிஞ்சுவிடற கை. அவ்வளவுதான். ரொம்ப யோசிச்சு உடம்பக் கெடுத்துக்காத கண்ணு.”

நான் யோசிக்கத்தான் செய்கிறேன். லோரிங் பேசும்போது எனக்கு உன் குரல்தான் கேட்கிறது. கோபித்துக்கொள்ளாதே. பார்த்துவிட்டு எப்படி இருக்கிறாள் என்று எழுது.

உன் தங்கை,
மாரிவிக்

துபாய்
ஜூலை 8, 2005

அன்புத் தங்கை மாரிவிக்குக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். முழங்கால் வலி மட்டும் வாடகை கொடுக்காத ஆள்போல் தங்கிவிட்டது. உங்கள் நலம் அறிய ஆவல். அம்மாவை உப்பு மீனைத் தொடவிடாதே. இந்தக் கடிதம் ஊருக்கு வருகிற நோராவின் பையில் வருகிறது.

ஹோட்டல் ஊழியர் சாப்பாட்டு அறையில் ‘புயல்மகன்’ போட்டால் லாண்டரி ஆட்கள், சமையல் ஆட்கள், வாசல் காவல் எல்லாம் ஆஜர். என் தங்கை எழுதுவது என்று சொன்னதிலிருந்து எனக்கு முன்வரிசை நாற்காலி. எல்லாருக்கும் லோரிங்கைத்தான் பிடித்திருக்கிறது. லாண்டரிக்காரிகள் நாங்கள், எங்களுக்கு முதலில் வருகிற கேள்வி அந்த அங்கியை யார் துவைக்கிறார்கள் என்பதுதானே. இத்தனை நாள் பறந்தவன் எவனுடைய அங்கியும் அழுக்கானதில்லை. லோரிங் அதை வாளியில் முக்கியபோது கைதட்டினார்கள்.

போன வாரம் படம் வராமல் போய்விட்டது. ஏசி பிரிவில் இசித்ரோ என்று ஒருவர், பத்தாங்காஸ் பக்கத்து ஆள், மாடியேறி டிஷ்ஷைத் திருப்பிச் சரிசெய்தார். அப்படியே கதவோரம் நின்று பார்த்தார். முடிந்ததும் என்னிடம் கேட்டார்: “இந்தப் பொண்ணுக்கு வீடுன்னு ஒண்ணு இல்லையாங்க? எப்பப் பாரு கடையிலயே நிக்குது. எங்க போய்த் தூங்கும்?”

உனக்குத் தெரியுமா?

ரோமெலின் காலணி வாங்கிவிட்டேன். அம்மாவுக்கு முத்தம்.

அக்கா பெலிசா

கேஸோன் சிட்டி
ஆகஸ்ட் 14, 2005

அன்பு அக்கா,

நாங்கள் நலம். உன் முழங்காலுக்குத் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்கிறாள் அம்மா. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பும் பெட்டியில் பால்பவுடர், போர்வை, பக்கத்து வீட்டு அத்தைக்கு ஏதாவது ஒன்று. நீயே பார்த்துப் போடு.

வீட்டு விஷயத்தை ஒபெட்டிடம் கேட்டேன். “துணைப் பாத்திரத்துக்கெல்லாம் வீடு கட்டினா செட்டுக்குக் காசு உங்க அக்கா குடுப்பாளா?” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது கெட்ட செய்தி. லோரிங்கை ஜனங்களுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. ஆன்டோய் அவளைத்தான் கட்ட வேண்டும் என்று கடிதம் வருகிறது. இங்கே ஜோடி என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா! ஆன்டோயாக நடிப்பவனும் செலீனாவாக நடிப்பவளும் நிஜத்தில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனாலும் ஷாப்பிங் மாலில் கைகோத்து நடக்கவேண்டும் என்று ஒப்பந்தம். அந்த ஜோடியின் ரசிகர் மன்றம் போன வாரம் ஜீப்னி வண்டி வண்டியாக வந்து ஸ்டூடியோ வாசலில் பேனர் பிடித்தது. ‘லோரிங், குறுக்கே வராதே.’

மேலிடம் பயந்துவிட்டது. நவம்பருக்குள் லோரிங் கதையை விட்டுப் போகவேண்டும். அவள் ஆன்டோய் மடியில் சாவது, அந்தக் கோபத்தில் அவன் வில்லனைத் துவம்சம் செய்வது, செலீனா அவன் கண்ணீரைத் துடைப்பது. மூன்று வாரத்துக்கு ரேட்டிங் நிச்சயம் என்கிறார் ஒபெட். எழுதவேண்டியது நான்.

மனசு கேட்கவில்லை அக்கா.

மாரிவிக்

துபாய்
செப்டம்பர் 16, 2005

அன்பு மாரிவிக்,

நலம். நலமே விழைகிறேன். உன் கடிதத்தை மெஸ்ஸில் படித்துக் காட்டினேன், பெரிய தப்பு. சமையல்கார கோரா கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். உன் ஒபெட் துபாய் பக்கம் வராமலிருப்பது அவர் உடம்புக்கு நல்லது.

வெள்ளிக்கிழமை லீவில் படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இசித்ரோவிடமும் சொன்னேன். அவர் பயறுக் குழம்பு கொண்டுவந்திருந்தார். அவர் மனைவி இறந்து நாளாகிறது, சமையல் அவரே கற்றுக்கொண்டது. சுமாராக இருந்தது. கேட்டுவிட்டுச் சொன்னார்: “அடுத்தவங்க வீட்டுல வெளிச்சம் வரணும்னு இவ எரியணுமா? நல்லா இருக்கே நியாயம்.”

அவளைக் கொல்லாதே மாரிவிக். அவளுக்கு ஒரு துணை கொடு. அழகன் வேண்டாம். தலையில் முடி குறைந்த, ரிப்பேர் வேலை தெரிந்த, நிதானமான ஒருவன் போதும். அவள் எல்லாருக்கும் சோறு போட்டபிறகு, ‘நீ சாப்பிட்டாயா’ என்று கேட்கிறவன். ஆன்டோய் பறந்துபோகட்டும், இவளும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பட்டும்.

அப்படியெல்லாம் நடந்தால் ஜனங்கள் சிரிப்பார்களா? அம்மாவிடம் கேட்டுப் பார். அம்மா தொடரைத் தவறாமல் பார்க்கிறவள்தானே. அம்மா என்ன சொன்னாள் என்று அப்படியே எழுது. லோரிங்கைப் பற்றித்தான் கேட்கிறேன்.

சீக்கிரம் பதில் போடு. வழக்கம்போல் தாமதிக்காதே.

பெலிசா

கேஸோன் சிட்டி
அக்டோபர் 7, 2005

என் அருமை அக்கா,

எல்லாரும் சுகம், நானோ தரையில் நிற்கவில்லை. லோரிங் சாகவில்லை!

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “மெக்கானிக்கோட போயிடுவாளா? அப்ப கடைய யாரு பாத்துக்குவா? ஊரே அவ கையில சாப்பிடுது. அவளுக்கு எதுக்குடி இதெல்லாம்?” ரோமெல் வாயில் சோற்றோடு, “அந்த வயசுல கல்யாணமா, அய்யே!” என்றான். லோரிங்குக்கு இருபத்தொன்பதுதான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மெக்கானிக்கும் நடக்கவில்லை. “புது நடிகனா? போம்மா” என்றார் ஒபெட். ஆனால் நான் விடவில்லை. இங்கே எல்லாத் தொடரிலும் ஒரு வழி உண்டே, கொல்ல மனம் வராத பாத்திரத்தை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிவிடுவது. அதைச் சொன்னேன். உடனே சரி என்றார். விமானநிலையக் காட்சிக்குச் செலவில்லை, அழுகை மட்டும் அமோகம். லோரிங் ஒரு பெட்டியோடு கையசைத்துவிட்டுப் போகிறாள். அப்புறம் மாதாமாதம் அவளிடமிருந்து ஒரு பார்சல் வரும். உயிரோடு இருப்பாள்!

அன்றைக்கு விமானநிலையத்தில் பன்னிரண்டு வயது மாரிவிக்கிடம் நீ சொன்னாயே, ‘அழாதே, அக்கா பக்கத்துலதான் இருக்கேன், வானத்துல ஒரு தூக்கம் போட்டா வந்துடுவேன்’ என்று. அதையே லோரிங் வாயில் வைத்திருக்கிறேன். நவம்பர் பதினொன்று, தவறாமல் பார். இந்தக் காட்சி உனக்காக.

ஆயிரம் முத்தங்களுடன்,
மாரிவிக்

கேஸோன் சிட்டி
நவம்பர் 27, 2005

அன்புள்ள அக்கா,

சுகமா? உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போனில் அம்மாவின் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாயாம். முழங்கால் அதிகமாகிவிட்டதா?

காட்சி பார்த்தாயா? இங்கே தெருவே அழுதது. அம்மா துண்டை நனைத்துவிட்டாள். ஒபெட் என்னை மேசையில் மேலே ஏற்றிவிட்டார், சம்பளமும் ஏறிவிட்டது. இனி செலீனாவின் காதல் காட்சிகள் என் கையில்.

போன வாரம் லோரிங்கின் முதல் பார்சல் வந்தது. ஆன்டோய் அதிலிருந்து சாக்லேட்டை எடுத்து செலீனாவுக்குக் கொடுக்கிறான், அங்கேதான் அவர்கள் முதல் முத்தம். ரேட்டிங் கூரையைப் பிய்த்துக்கொண்டது.

நம் வீட்டுப் பெட்டியும் வந்து சேர்ந்தது. ரோமெலுக்குக் காலணி கச்சிதம். ஒரு வரியாவது எழுது.

மாரிவிக்

துபாய்
டிசம்பர் 9, 2005

மாரிவிக்,

நான் நலம். நீங்களும் நலம் என்று தெரிந்துகொண்டேன்.

காட்சியைப் பார்த்தேன். சாப்பாட்டு அறை நிறைய ஆள். விமானம் ஏறியதும் அங்கே ஊரே அழுதது என்கிறாய். இங்கே ஒருவர் கண்ணிலும் தண்ணீர் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். கோரா மட்டும் கேட்டாள்: “உன் தங்கச்சி அவளக் கொல்லலன்னு சொன்னியே?”

விமானம் கிளம்பியதும் ஆள் முடிந்துபோனாள் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தோன்றுகிறது. அதற்கப்புறம்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. லோரிங் எங்கே இறங்கினாள்? யாரோடு தங்கினாள்? உனக்குத் தெரியாது, நீ எழுதவே இல்லை. அடுத்த வாரம் அவள் ஒரு பெட்டியாக வந்தாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று அந்தப் புயல்மகன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்தான், சாக்லேட்டை எடுத்தான், முத்தம் கொடுத்தான். எழுதியது என் தங்கை.

விமானநிலையத்தில் நான் சொன்னது, ஒரு குழந்தை அழாமலிருக்கச் சொன்ன பொய். அதை நீ இத்தனை வருஷம் நிஜம் என்றா வைத்திருந்தாய்?

லோரிங்குக்கு இருபத்தொன்பது. எனக்கு நாற்பத்துநாலு. செப்டம்பரில், அந்தப் பெஞ்சில், இசித்ரோ என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். எனக்கு ஆசையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அம்மாவிடம் நேரே கேட்க வாய் வரவில்லை, லோரிங்கை வைத்துக் கேட்டேன். பதிலை நீ அப்படியே எழுதியிருந்தாய். கடையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான். அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை.

உன்மேல் கோபம் குறைந்தபிறகு எழுதலாம் என்றிருந்தேன். குறையவில்லை, ஆனால் டிசம்பர் வந்துவிட்டது. எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

பெலிசா

கேஸோன் சிட்டி
டிசம்பர் 23, 2005

அக்கா,

சுகம் விசாரிக்கவே எனக்கு நாக்கூசுகிறது. இத்தனை கடிதத்தில் உன் முழங்காலைத் தவிர வேறு எதையும் நான் கேட்டதில்லை. இசித்ரோ பெயரை நீ எழுதினாய், எழுதினாய், நான் மெக்கானிக் பாத்திரத்துக்கு நடிகன் தேடிக்கொண்டிருந்தேன். ஊரையே அழவைக்கிற எழுத்தாளராம் நான்!

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். திட்டிக்கொள். டீவியில் என் எபிசோட் ஓடிக்கொண்டிருந்தது, அம்மா எழுந்துபோய் அதை அணைத்தாள்.

“நான் லோரிங்கப் பத்தியில்லடி சொன்னேன்! டீவியில இருக்கறவள என்ன வேணா சொல்லலாம். பெலிசான்னு தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனா?”

நான் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு அவளே சொன்னாள்: “சொல்லியிருப்பேன். அப்படியேதான் சொல்லியிருப்பேன்.” அப்புறம் முந்தின நாள் பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரியிலிருந்து அம்மாவின் மருந்து என் பொறுப்பு. ரோமெல் கால்சென்டரில் இரவு வேலைக்குச் சேர்கிறான், பயல் சொல்லாமலே போய்ப் பரீட்சை எழுதியிருக்கிறான். நீ இசித்ரோவைத் தேடிப் போ. வெட்கப்படாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மாரிவிக்

துபாய்
ஜனவரி 13, 2006

அன்புள்ள மாரிவிக்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா சொன்னதைப் படித்துச் சிரித்தேன், பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் அழுவதற்கு வேறு இடமில்லை.

நீ சொன்னபடி போனேன். மொட்டைமாடி ஏசி அறைக்கு, யூனிபாரத்தோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. அங்கே வேறொருவர் இருந்தார். “இசித்ரோவா? லீவுல ஊருக்குப் போயாச்சுக்கா. திரும்பறது சந்தேகம்னு சொல்லிட்டுத்தான் போனாரு.” லெமெரி சந்தைக்குப் பின்னால் தம்பியோடு மின்விசிறிக் கடை போடப்போகிறாராம்.

அவருக்கு எழுதவும் எனக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்றவள் நான், எந்த முகத்தோடு எழுதுவது? போகட்டும். உன்மேல் கோபம் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மாவைப் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தச் சொல்.

பெலிசா

கேஸோன் சிட்டி
பிப்ரவரி 12, 2006

அன்பு அக்கா,

நாங்கள் நலம். நீ நாற்காலியில் உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்ததும் அம்மா இரண்டு நாள் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சந்தைக்குப் போய் நல்ல மாட்டு வாலெலும்பு வாங்கிவந்து நிலக்கடலைக் குழம்பு வைத்தாள். பெரிய பாத்திரத்தில். விருந்தா என்று கேட்டேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, சட்டை மாத்து” என்றாள்.

பெண் கேட்டுப் படியேறுவது என்றால் மாப்பிள்ளை வீட்டார்தானே சமைத்து எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வரவேண்டும்? அதைச் சொல்லிப் பார்த்தேன். “அவங்க வர்ற மாதிரி நாம வெச்சுக்கலியே” என்றாள். லெமெரி வரைக்கும் அந்தப் பாத்திரத்தை மடியிலேயே வைத்திருந்தாள். பாதி பஸ் எங்களைத்தான் மோப்பம் பிடித்தது.

சந்தைக்குப் பின்னால் ஒரு மாடிக் கடை. உன் இசித்ரோ தரையில் உட்கார்ந்து மின்விசிறி பிரித்துக்கொண்டிருந்தார். முடி நீ சொன்னதைவிடக் குறைவு. அம்மா அந்தச் செங்குத்தான மரப்படியில் மூச்சுவிட்டு மூச்சுவிட்டு ஏறினாள், பாத்திரத்தை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

“நான் பெலிசாவோட அம்மா. என் மூத்த பொண்ணுக்கு உங்களக் கேட்டு வந்திருக்கேன்.”

அவர் கையிலிருந்த திருகாணிகள் தரையெல்லாம் உருண்டன. எழுந்து, கையைச் சட்டையில் துடைத்து, அம்மாவின் கையை ஆசிக்காகத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “அவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்களேம்மா.”

“அவ சொல்லல. அவ வாயில நான் சொன்னேன். அதத் திருப்பி எடுத்துக்கத்தான் வந்திருக்கேன்.”

அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. “எனக்கு மரியாதை அப்புறம் பண்ணுங்க. அவள மறுபடி ஒரு தடவ கேளுங்க. மாட்டேன்னு சொன்னா அது அவ இஷ்டம், ஆனா அவளே சொல்லணும்.”

சாப்பிட்டோம். குழம்பில் உப்பு அதிகம். அவர் மூன்று முறை போட்டுக்கொண்டார். நான் ஒரு வசனமும் பேசவில்லை அக்கா, எனக்கு அங்கே வேலையே இல்லை. லீவு முடியுமுன் துபாய்க்குக் கிளம்புகிறேன் என்று படிவரைக்கும் வந்து சொன்னார். இந்தக் கடிதம் அவர் பையில்தான் வருகிறது, பிரித்துப் படிக்க மாட்டார் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மாரிவிக்

துபாய்
மார்ச் 10, 2006

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. கொண்டுவந்தவர் நலம், நானும் நலம்.

வேலை முடியும் நேரத்தில் லாண்டரி வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. நான் ஈரக் கையோடு வெளியே போனேன். இயந்திரங்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது முதலில் காதில் விழவில்லை, கிட்டே வந்து திரும்பச் சொன்னார். கோராவும் மற்றவர்களும் துணிவண்டிக்குப் பின்னாலிருந்து ஒட்டுக்கேட்டார்கள், வெட்கம்கெட்டவர்கள்.

அம்மா வந்ததையும் சொன்னார், குழம்பையும் சொன்னார். அம்மா என்ன நினைப்பாள், நீ என்ன எழுதுவாய், ரோமெல் சிரிப்பானா என்று வழக்கம்போல் ஒரு கணம் மனசு ஊருக்குப் போய்த்தான் வந்தது. ஆனாலும் இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்கா,
பெலிசா